ஆஸ்டா நீல்சனும் நம் படப்பெட்டிகளும்

தலைவர் அவர்களே, முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்திருக்கும் மூத்த புரவலர் அவர்களே, அரங்கை இன்று வாடகையின்றித் தந்த தியேட்டர் உரிமையாளர் அவர்களே, நாற்பது ஆண்டு படம் ஓட்டும் கேபினில் கார்பன் விளக்குப் புகையில் நின்ற ஆபரேட்டர் ஐயா அவர்களே, இடமில்லாமல் நின்றபடி கேட்கும் மாணவ நண்பர்களே, வணக்கம். எனக்குப் போர்த்திய பொன்னாடையை ஆபரேட்டர் ஐயாவுக்கே போர்த்திவிட்டேன். அவருக்கு உரியது அது.

டென்மார்க்கின் மௌனப்பட நடிகை ஆஸ்டா நீல்சனைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: நடிப்பு, சொந்தக் கம்பெனி, முதுமை.

1881இல் கோபன்ஹேகனில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். அம்மா ஊரார் துணி துவைத்தவர். நாடக மேடையில் அவருக்குப் பெரிய வேடம் அமையவில்லை. சரி, சினிமாவில் முகத்தைக் காட்டினால் நாடகக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று 1910இல் உர்பன் காட் இயக்கிய படமொன்றில் நடித்தார். ‘படுகுழி’ என்று பொருள்படும் தலைப்பு.

அதில் அவர் பியானோ சொல்லித்தரும் பெண். பாதிரியார் மகனோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சர்க்கஸ்காரன் ஒருவன் வருகிறான், அவனோடு போய்விடுகிறாள். அப்புறம் அந்த நடனம்! கறுப்பு உடை, கையில் கயிறு. அவனைக் கட்டிப்போட்டுவிட்டு, அவனைச் சுற்றி, அவன்மேல் உரசி ஆடுகிறாள். ஐரோப்பாவே வாய்பிளந்தது. ஆனால் என்னை உலுக்கியது கடைசிக் காட்சி. அவனைக் குத்திக் கொன்றுவிட்டாள். போலீஸ் அழைத்துப் போகிறது. அழவில்லை, கையை உதறவில்லை. மரக்கட்டைபோல் நடக்கிறாள். கண் மட்டும் எங்கோ நிலைகுத்தி இருக்கிறது. மேடையில் மார்பில் அடித்துக்கொள்வதுதான் நடிப்பு என்றிருந்த காலம் ஐயா அது! கேமரா முன்னால் சும்மா இருந்தாலே போதும் என்று அந்த ஒரு நடை காட்டிவிட்டது.

அடுத்த ஆண்டே ஜெர்மனி அழைத்துக்கொண்டது. எழுபதுக்கு மேற்பட்ட படங்கள். 1921இல் தன் சொந்தக் கம்பெனியின் ‘ஹாம்லெட்’டில் தானே இளவரசன். அரியணைக்காக ஆணாக வளர்க்கப்பட்ட பெண் என்று ஷேக்ஸ்பியர் கதையை மாற்றினார்கள். உயிர் போனபிறகே நண்பன் ஹொரேஷியோவுக்கு உண்மை தெரிகிறது.

இங்கேதான் என் பழைய பல்லவிக்கு வருகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. அந்த ‘ஹாம்லெட்’டின் சாயமேற்றிய பிரதி ஒன்று பல பத்தாண்டு கழித்துக் கிடைத்தது; ஜெர்மானியர்கள் செப்பனிட்டு 2007இல் பெர்லின் விழாவில் திரையிட்டார்கள். ஆஸ்டாவின் வேறு பல படங்களுக்கு அந்த யோகமில்லை. அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் பிலிம் எரியும், பொடியும். கவனிக்க ஆளில்லாவிட்டால் போனது போனதுதான்.

நம் கதை என்ன? 1931இல் வந்த நம் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’, டி. பி. ராஜலட்சுமி நடித்தது. பிரதி இல்லை. அவர் கண்ணை எப்படி உயர்த்தினார் என்று நம் பேத்திகளுக்கு எதைக் காட்டுவோம்? கண் கெட்ட பிறகா நமஸ்காரம்? மாவட்டத்துக்கு ஒரு குளிரூட்டிய படக் காப்பறை வேண்டும் என்று பத்து ஆண்டாகக் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாஜிகள் அழைத்தபோது மறுத்து ஊர் திரும்பியதையும், 1968இல் தன்னைப் பற்றித் தானே படம் எடுத்ததையும் இன்னொரு நாள் பேசுவோம்.

உங்கள் வீட்டுப் பரணில் தகரப் படப்பெட்டி இருக்கிறதா? திறந்ததும் காடி வாடை வந்தால் பிலிம் கெடத் தொடங்கிவிட்டது. பழைய இரும்புக்குப் போடாதீர்கள், எங்களிடம் கொண்டுவாருங்கள். கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஆபரேட்டர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.