பீலித் தண்ணீரும் கடல் நத்தையும்

(ஹட்டனில் நடந்த சுற்றாடல் தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் அதிபர் ஐயா அவர்களே, பிரதேச சபை உறுப்பினர்களே, எவ்வளவு அழைத்தும் மேடைக்கு வராமல் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயா அவர்களே, கைப்பிள்ளையோடு வந்திருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம். போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. இந்தக் குளிருக்கு அது உதவும்.

கடல் நத்தையைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் செயலாளர் தம்பி சிரித்துவிட்டார். "ஹட்டன்ல ஏது சார் கடல்?" என்றார். வருகிறேன். மூன்று விஷயங்கள் சொல்வதாக இருக்கிறேன். கப்பல் சாயம் நத்தையை என்ன செய்தது, உலகம் அதை எப்படி நிறுத்தியது, நம் கரைகளில் சங்குகளின் கதி என்ன.

கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். அதனால் 1960களில் டிபிடி என்ற வெள்ளீயச் சேர்வையைச் சாயத்தில் கலந்தார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, ஒட்ட வருவதையெல்லாம் கொல்லும். கசிந்தது கப்பலோடு நிற்குமா? 1970இல் இங்கிலாந்தின் பிளிமத் கரையில், டாக்வெல்க் என்ற பாறை நத்தையில் பெண்ணுக்கு ஆணுறுப்பு முளைத்திருப்பதை ஸ்டீபன் பிளேபர் என்ற ஆய்வாளர் எழுதி வைத்தார். தாய்மார் இருக்கும் சபை, ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த வளர்ச்சி முற்றினால் முட்டை வரும் வழி அடைபட்டுவிடும். முட்டைக்கூடுகள் உள்ளேயே தேங்கி, தாய் நத்தை செத்துப்போகும். இந்த நத்தையின் குஞ்சுகள் கடலில் மிதந்து போகிறவை அல்ல. பிறந்த பாறையிலேயே ஊர்ந்து வளர்கிறவை. ஆகவே ஒரு பாறையில் இனம் அழிந்தால் வேறிடத்திலிருந்து வந்து நிரம்பப் பல வருடம் ஆகும்.

இதற்கு அந்தச் சாய நஞ்சு எவ்வளவு வேண்டும்? 100 கோடி லீட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் அளவிலேயே தொடங்கிவிடும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். இங்கே அது அளந்து பார்த்த உண்மை.

எங்கள் தோட்டத்தில் ஒரு மாமா இருந்தார். கொழும்பில் கப்பலுக்குச் சாயம் பூசும் வேலை. ஒரு தீபாவளிக்கு அரை டின் சிவப்புச் சாயத்தோடு வந்து இறங்கினார். "சீலை கேட்டா சாயத்தைத் தூக்கிட்டு வந்திருக்காரு" என்று அத்தை, எல்லோரும் ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை முழுக்கச் சொல்லித் தீர்த்தார். மாமா அசரவில்லை. "கப்பலுக்கே பூசுறது, பாசியே பிடிக்காது" என்று லயத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர்ப் பீப்பாயின் உட்புறம் பூசினார். உண்மையிலேயே பிடிக்கவில்லை! அடுத்த நாள் பக்கத்துக் காம்பரா பீப்பாய் வந்தது. அப்புறம் கங்காணியின் தகர டாங்கி வந்தது. அந்தத் தீபாவளிக்குத் தொழிற்சங்கத் தலைவரை விட மாமாவுக்குத்தான் மரியாதை. "கொசுப் புழுகூட இல்ல பாருங்க" என்று அத்தையே பெருமை பேச ஆரம்பித்தார். ஒரு நாள் மருந்து கொடுக்க வந்த ஐயா பீப்பாயை எட்டிப் பார்த்தார். "புழுவே உசிரோட இருக்காத தண்ணியையா குடிக்கிறீங்க?" என்றார். அன்று மாலையே பீப்பாய்கள் எல்லாம் பள்ளத்தில் உருண்டன. டின்னில் எச்சரிக்கை இருந்தது, இங்கிலீஷில்.

சரி, இரண்டாவது விஷயம். நத்தை செத்தபோது யாரும் அசையவில்லை. பிரான்சின் ஆர்கஷோன் குடாவில் வளர்ப்புச் சிப்பிகளின் ஓடு தடித்துக் கோணி, வியாபாரம் படுத்த பிறகுதான் 1982இல் சிறு படகுகளுக்கு இந்தச் சாயம் பூசத் தடை வந்தது. பிரித்தானியா 1987இல் தடுத்தது. சர்வதேச உடன்படிக்கை 2001இல் நிறைவேறி, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிளேபர் பார்த்ததிலிருந்து 38 வருடம்! பணம் உள்ளவன் கத்தினால் ஒரு வேகம், நத்தைக்கு ஒரு வேகம். எந்த வேகத்தில் நம் ஆட்கள் வருவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி கேட்ட கடலுக்கு வருகிறேன். நம் மலைகளில் ஓடும் மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அது கொழும்பில் கடலில் விழுகிறது. தேயிலைக்கு அடிக்கும் மருந்து மழையில் கழுவிப் போகும் வழி அது. அந்த வழியில் முதலில் இருப்பது கடலல்ல, நம் பீலி. கிளைபோசேட் என்ற களைகொல்லியை 2015இல் தடுத்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். நத்தைக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அது வேறு சேர்வை, இது வேறு. ஆனால் முதுகில் டாங்கியோடு, கையுறை இல்லாமல், பீலிக்கு மேலே நின்று மருந்து அடிக்கும் பிள்ளைக்கு அந்தப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் வாசித்துக் காட்டினார்கள்? கடுகு சிறுத்தாலும் காரம் போகாது, ஐயா!

நாங்கள் கேட்பது பெரிதல்ல. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அந்தப் போத்தல் எச்சரிக்கையைத் தமிழில் வாசிக்கட்டும். குடிதண்ணீர் ஊற்றுக்கு மேலே மருந்து அடிப்பதை நிறுத்தட்டும். கையுறையும் முகமூடியும் தரட்டும். பீலித் தண்ணீரை வருடத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுகூடத்துக்கு அனுப்பட்டும்.

தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். சங்குகளை இன்னொரு மேடையில் பார்த்துக்கொள்வோம். மனு வாசலில் மேசை மேல் இருக்கிறது. தேநீருக்கு முன்னே கையெழுத்துப் போட்டுவிடுங்கள், பேனாவும் வைத்திருக்கிறோம். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் தெளிவாக எழுதுங்கள். போன முறை பாதி மனுவில் அது இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.