கோட்டையிலிருந்து தாழ்ப்பாள் வரை

நேயர்களுக்கு வணக்கம். பேய்க்கதைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பேயை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன் வீடு? பழைய கோட்டை, சாபம், பயம் என்று வரும் கதைகளைக் கோதிக் கதை என்கிறோமே, அந்தக் கோதிக் என்பதே முதலில் கட்டடத்துக்கு வைத்த பெயர்தான். கூர்மையான வளைவுகளும் வானத்தைத் தொடும் கோபுரங்களுமாக இடைக்கால ஐரோப்பாவில் எழுந்த தேவாலயங்களைப் பார்த்து, பின்னால் வந்த இத்தாலியர்கள் முகம் சுளித்தார்கள். ரோமாபுரியைச் சூறையாடிய கோத்துகளின் வேலை மாதிரி இருக்கிறது என்று வைதார்கள். வசவே பெயராகிவிட்டது.

அந்தப் பாணியின் மேல் பைத்தியமாக இருந்தவர் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல். லண்டனுக்குப் பக்கத்தில் ட்விக்கன்ஹாமில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்து, ஸ்ட்ராபெரி ஹில் என்று பெயரிட்டு, வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து அதைக் குட்டிக் கோட்டையாக்கினார். நீளக் கூடத்தின் விதானத்தில் விசிறி விசிறியாக விரியும் வேலைப்பாட்டைப் பார்த்தால் கல்லில் செதுக்கியது என்றே தோன்றும். அத்தனையும் காகிதக்கூழ்! கொலு பொம்மை செய்கிறோமே, அதே சமாசாரம். இந்தக் காகிதக் கோட்டையில் 1764 ஜூன் மாதம் அவருக்கு ஒரு கனவு வந்தது. பழைய கோட்டை ஒன்றின் பெரிய படிக்கட்டு. அதன் உச்சிக் கைப்பிடியில் இரும்புக் கவசம் போட்ட ராட்சதக் கை. அன்று மாலையே எழுத உட்கார்ந்துவிட்டார். வருஷக் கடைசியில் 'ஒட்ரான்டோ கோட்டை' வெளிவந்தது. ஏதோ பழைய இத்தாலியப் பிரதியின் மொழிபெயர்ப்பு என்று புளுகித்தான் முதலில் விட்டார். புத்தகம் ஓடியதும், அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பில் தான் எழுதியதுதான் என்று ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்று துணைத்தலைப்பும் போட்டார்.

கல்யாணத்தன்று மலை போன்ற இரும்புத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். அதுதான் கதையின் தொடக்கம். உண்மையைச் சொன்னால், இன்று படிக்கும்போது சிரிப்புத்தான் வருகிறது. ஆனாலும் பின்னால் வந்த அத்தனை பேரும் எடுத்துப் புழங்கிய தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அதில் இருக்கிறது: நிலவறை, ரகசிய வழி, வேண்டிய நேரத்தில் அணைந்துபோகும் விளக்கு, தாத்தா செய்த பாவம் பேரன் தலையில் வந்து விடிவது.

அப்புறம் எழுபது எண்பது வருஷம் இந்தச் சாமான்கள் தடித்தடி நாவல்களில் அடைந்து கிடந்தன. அவற்றில் வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சிறுகதைக்குள் கொண்டுவந்தவர்களில் பெரியவர் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ. 1842இல் எழுதிய ஒரு மதிப்புரையில் அவர் கணக்கே சொல்லியிருக்கிறார்: கதை அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவு இருக்க வேண்டும், ஒரே உணர்வைக் குறிவைக்க வேண்டும், முதல் வாக்கியமே அந்தக் குறியை நோக்கிப் போகாவிட்டால் முதல் அடியிலேயே தோல்வி. கறாரான மனிதர். இரண்டு மணி நேரத்தில் கோட்டை முழுவதையும் சுற்றிக்காட்ட முடியுமா? முடியாது. ஆகவே வீடு சுருங்கத் தொடங்குகிறது.

1839இல் வந்த 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்து மந்தமான நாள். ஒருவன் குதிரையில் தனியாக வருகிறான். எதிரே மாளிகை, அதன் ஜன்னல்கள் வெறித்த கண்களைப் போல இருக்கின்றன. பார்க்கவே சகிக்காமல், பக்கத்துக் கரிய ஏரித் தண்ணீரில் அதன் நிழலைப் பார்க்கிறான். அது இன்னும் மோசம். கொஞ்சம் கிட்டப் போனதும் இன்னொன்று தெரிகிறது. சுவரில் ஒரு விரிசல். கண்ணுக்குத் தட்டுப்படுமா படாதா என்கிற மாதிரி மெல்லிசாகக் கூரையில் தொடங்கி, கோணல்மாணலாக இறங்கித் தண்ணீருக்குள் மறைகிறது. கதை முடிகிறபோது அந்த விரிசல் வழியாகத்தான் ரத்தச் சிவப்பு நிலா தெரியப்போகிறது. மாளிகை இரண்டாகப் பிளந்து ஏரிக்குள் போகப்போகிறது. முதல் பக்கத்திலேயே போ அதைக் காட்டிவிட்டார். நாம்தான் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறோம்.

அஷர் வீடு என்றால் அந்த வட்டாரத்துக் குடியானவர்களுக்கு மாளிகையும் அதுதான், வம்சமும் அதுதான் என்று போ ஆங்கில வாசகருக்கு விளக்கிச் சொல்கிறார். நமக்கு அது வேண்டியதில்லை. 'பெரிய வீட்டில் பெண் எடுத்திருக்கிறார்கள்' என்றால் செங்கல்லையா சொல்கிறோம்? வம்சத்தில் மிஞ்சியது ராடரிக், மேடலின் என்ற இரட்டையர் மட்டும். தங்கை இறந்துவிட்டாள் என்று அண்ணன் அவளை நிலவறையில் வைத்துப் பூட்டுகிறான். அந்த நிலவறை, வந்த விருந்தாளி தூங்கும் அறைக்கு நேர் கீழே! அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் கேட்கும் சத்தங்களை நான் சொல்லப்போவதில்லை, படித்துக்கொள்ளுங்கள், பகலில்.

மாளிகை ஓர் அறையாகச் சுருங்கியது 1892இல். ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'மஞ்சள் வால்பேப்பர்'. குழந்தை பெற்ற களைப்பும் மனச்சோர்வுமாக இருக்கும் ஒருத்தி. கணவன் டாக்டர், நல்லவன், அன்பானவன். கோடைக்காலத்துக்கு ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, ஓய்வெடு, எழுதாதே என்று மாடி அறையில் விடுகிறான். ஜன்னலில் கம்பிகள், தரையோடு ஆணியடித்த கட்டில், சுவரெல்லாம் அழுக்கு மஞ்சள் வால்பேப்பர். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தக் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து ஊர்கிறாள். இங்கே கோட்டையும் இல்லை, சாபமும் இல்லை. அடைத்து வைக்கும் பிரபுவின் இடத்தில் அக்கறையுள்ள வீட்டுக்காரர் இருக்கிறார். அதுதான் கூடுதல் பயம். கில்மனுக்கே 1887இல் பிரபல டாக்டர் வியர் மிட்செல் அப்படியொரு வைத்தியம் செய்து, இனி பேனாவையே தொடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். கதை வந்ததும் ஒரு பிரதியை அவருக்கு அனுப்பிவைத்தார் கில்மன். பதில் வரவில்லை.

இந்தக் கதையில் எனக்கு ஒரு பழைய அசட்டுத்தனம் உண்டு. கடைசியில் அவள் அறைச் சாவியை வாசற்படியோரம் ஒரு 'பிளான்டைன்' இலைக்கு அடியில் எறிந்துவிடுகிறாள். முதல்முறை படித்தபோது அமெரிக்காவில் ஏது வாழைமரம் என்று ரொம்ப நேரம் குழம்பினேன். அது படியோரம் தானாக முளைக்கும் ஒரு களைச்செடியாம். ஆனாலும் என் மனசில் அந்தச் சாவி இன்றும் வாழை இலைக்கு அடியில்தான் கிடக்கிறது.

கடைசியாக 1902. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய 'குரங்கின் கை'. இப்போது வீடு ஒரு சாதாரண நடுத்தரக் குடும்பத்து வில்லா. வெளியே மழை, உள்ளே கணப்பருகே அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். இந்தியாவில் 21 வருஷம் இருந்துவிட்டு வந்த ராணுவக்காரர் ஒருவர், ஒரு பக்கீர் மந்திரித்துக் கொடுத்ததென்று காய்ந்த குரங்குக் கையொன்றைக் கொண்டுவருகிறார். மாயமந்திரம் வேண்டுமென்றால் அந்தக் கால ஆங்கிலேயர் கை நீட்டும் திசை நம் பக்கம்தான்! மூன்று வரம் கேட்கலாம். அப்பாக் கிழவர் என்ன கேட்கிறார் தெரியுமா? 200 பவுண்டு, வீட்டுக் கடனை அடைக்க. ஒட்ரான்டோவில் வம்சத்துச் சாபம், இங்கே வீட்டுக் கடன். மறுநாள் 200 பவுண்டு வருகிறது. மகன் ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்ததற்கு நஷ்டஈடாக.

சில நாள் கழித்து, தாய் சும்மா இருப்பாளா, பிள்ளை உயிரோடு வரட்டும் என்று இரண்டாவது வரத்தைக் கேட்க வைக்கிறாள். மகனைப் புதைத்தது இரண்டு மைல் தூரத்தில். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவைத் தட்டும் சத்தம்.

இதற்கு மேல் கதை முழுக்கச் சத்தம்தான். வானொலிக்கென்றே எழுதியது போல. மாடியில் கிழவர் இருட்டில் தரையைத் துழாவி அந்தக் கையைத் தேடுகிறார். கீழே சங்கிலி கழல்கிறது. அடித் தாழ்ப்பாள் முரண்டு பிடித்து விலகுகிறது. மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை, இறங்கி வாருங்கள் என்று கத்துகிறாள். நாற்காலியை இழுத்துக் கதவோரம் போடுகிறாள். தட்டுகிற சத்தம் வீடெங்கும் அதிர்கிறது. தாழ்ப்பாள் கிறீச்சிட்டு நகரவும் கிழவர் கையில் அது தட்டுப்படவும் சரியாக இருக்கிறது. மூன்றாவது வரத்தை முணுமுணுக்கிறார். என்ன கேட்டார் என்று ஜேக்கப்ஸ் எழுதவில்லை. தட்டுகிற சத்தம் சட்டென்று நிற்கிறது.

கதவு திறக்கிறது. குளிர்காற்று படியேறி வருகிறது. எதிர்ச்சாரியில் தெருவிளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஆள் இல்லை.

வணக்கம்.