இந்தியா திருப்பிக் கொடுத்த 7,900 கோடி ரூபாய்: ஒரு சின்ன எண்ணெய் கம்பெனியில் நடந்த பெரிய சண்டை

2022 பிப்ரவரியில் இந்திய அரசு ஸ்காட்லாந்தில் இருக்கும் ஒரு எண்ணெய் கம்பெனிக்குச் சுமார் 7,900 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது. டாலரில் சொன்னால் 106 கோடி. அந்தக் கம்பெனியிடம் அப்போது பெரிய தொழில் என்று எதுவும் மிச்சமில்லை. எகிப்துப் பாலைவனத்தில் பாதிப் பங்கில் சில வயல்கள், அங்கங்கே தேடல் உரிமங்கள், அப்புறம் இந்தப் பணம். ஒரே வருடத்துக்குள் இரண்டு கம்பெனிகள் அதனுடன் இணைய வந்தன, இரண்டுமே கைகூடவில்லை, நிர்வாகக் குழுவில் பெரும்பாலானவர்கள் வெளியே போனார்கள். இத்தனையும் ஒரே ஒரு கேள்விக்காக: அந்தப் பணம் யார் கைக்குப் போக வேண்டும்?

சின்ன எனர்ஜி பங்குகளை வைத்துக்கொண்டு "டிவிடெண்ட் (கம்பெனி பங்குதாரர்களுக்குத் தரும் பணம்) வருமா, யாராவது மொத்தமாக வாங்குவார்களா" என்று காத்திருப்பவர்கள் இந்த வீடியோவைக் கடைசி வரை பாருங்கள். இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

(திரையில்: எடின்பரோ நகரம். அடுத்து ராஜஸ்தான், பார்மர் பாலைவனம்)

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியின் பெயர் கெய்ர்ன் எனர்ஜி. 2021 டிசம்பரில் கேப்ரிகார்ன் எனர்ஜி என்று பெயர் மாற்றிக்கொண்டது. தொடங்கியவர் பில் கேமல், ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடியவர். ஷெல் விலகிக்கொண்ட ராஜஸ்தான் நிலப்பரப்பில் 2004-ல் மங்களா என்ற பெரிய எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தார்கள். இந்தியத் தொழிலைத் தனியாகப் பிரித்துப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டு, 2011-ல் அதன் பெரும்பங்கை வேதாந்தாவிடம் விற்றார்கள். பட்டியலிடுவதற்கு முன்னால் 2006-ல் குழுமத்துக்குள்ளேயே செய்த பங்கு மாற்றத்துக்கு வரி கட்டவில்லை என்று, 2012-ல் கொண்டுவந்த முன்தேதியிட்ட சட்டத்தை (பழைய பரிவர்த்தனைகளுக்கும் பொருந்தும் சட்டத்தை) வைத்து, வருமான வரித்துறை 10,247 கோடி ரூபாய் கேட்டது. கெய்ர்னிடம் மீதமிருந்த பங்குகளை முடக்கி விற்றது. அந்தப் பங்குகளுக்கு வந்த டிவிடெண்டையும் எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பரில் சர்வதேச நடுவர் மன்றம் கெய்ர்ன் பக்கம் தீர்ப்பளித்தது: 120 கோடி டாலர், கூடவே வட்டியும் செலவும்.

அடுத்து நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இதில் கொஞ்சம் நிற்கலாம். தீர்ப்பு வந்தும் பணம் வரவில்லை. இந்திய அரசின் சொத்து உலகில் எங்கெல்லாம் இருக்கிறது என்று கெய்ர்ன் தேட ஆரம்பித்தது. 2021 மே மாதம் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போய், "ஏர் இந்தியாவும் இந்திய அரசும் வேறு வேறு அல்ல, அரசின் கடனை ஏர் இந்தியா தர வேண்டும்" என்று வழக்குப் போட்டது. ஜூலையில் பாரிஸ் நீதிமன்றத்தில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 20 சொத்துகளை முடக்க உத்தரவு வாங்கியது. பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகள், மதிப்பு 2 கோடி யூரோவுக்கு மேல். யோசித்துப் பாருங்கள், ஒரு நடுத்தர எண்ணெய் கம்பெனி ஒரு நாட்டின் விமானங்களையும் வீடுகளையும் குறிவைக்கிறது! ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த முன்தேதி வரியையே கைவிட்டது. வழக்குகளைத் திரும்பப் பெற கெய்ர்ன் ஒப்புக்கொண்டது. பணம் வந்தது.

(திரையில்: 106 கோடி டாலர்)

சரி, இனி பங்குதாரர்கள் பக்கம் வருவோம். அவர்கள் எதிர்பார்ப்பு காற்றில் பிறந்ததில்லை. வேதாந்தாவிடம் விற்ற பிறகு 2012-ல் கெய்ர்ன் 350 கோடி டாலரைப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தது. செனகல் வயலை விற்றபோது 2021 ஜனவரியில் 25 கோடி டாலர் சிறப்பு டிவிடெண்ட், அதாவது ஒருமுறை மட்டும் தரும் டிவிடெண்ட், தந்தது. இந்தியப் பணம் வந்ததும் 2022-ல் 50 கோடி டாலருக்குப் பங்குதாரர்களிடமிருந்து பங்குகளைத் திரும்ப வாங்கியது. எதையாவது விற்றால் பணம் நம் கைக்கு வரும் என்று பங்குதாரர்களைப் பழக்கியதே நிர்வாகம்தான். மீதிப் பணமும் வரும் என்று அவர்கள் நம்பியதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் வந்தது இணைப்பு அறிவிப்பு. 2022 ஜூன் 1, டல்லோ ஆயில் என்ற இன்னொரு எண்ணெய் கம்பெனியுடன் இணைப்பு. ஒரு கேப்ரிகார்ன் பங்குக்கு 3.8068 புதிய டல்லோ பங்குகள். ரொக்கம் கிடையாது. இணைந்த கம்பெனியில் கேப்ரிகார்ன் பங்குதாரர்களுக்கு 47 சதவீதம், டல்லோவுக்கு 53 சதவீதம். கானாவில் நல்ல வயல்கள் வைத்திருந்தாலும் டல்லோவின் தலையில் 200 கோடி டாலருக்கு மேல் நிகரக் கடன் (கையிருப்புப் பணத்தைக் கழித்த பிறகும் மிஞ்சும் கடன்) இருந்தது.

இதை இப்படிப் பாருங்கள். உங்கள் வீடு சின்னது, ஆனால் பீரோ நிறையப் பணம் இருக்கிறது. ஒருவர் வந்து, "பீரோவோடு வீட்டை எனக்குக் கொடுங்கள், பதிலுக்கு அடமானத்தில் இருக்கும் என் பெரிய வீட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பங்கு தருகிறேன்" என்கிறார். பெரிய வீடு நல்ல வீடாகவே இருக்கலாம். ஆனால் உங்கள் பீரோப் பணம் அவர் அடமானத்துக்குத்தான் போகும். அடமானம் தீர்ந்து வீட்டு விலை ஏறினால் உங்களுக்கும் லாபம். ஏறாவிட்டால்? பங்குதாரர்கள் கொதித்தது இதற்குத்தான். அவர்கள் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். கடனைக் குறைப்பது டல்லோவின் வேலை, அதற்குக் கேப்ரிகார்ன் பங்குதாரரின் பணம் எதற்கு?

எதிர்ப்பு வலுத்தது. செப்டம்பர் 29 அன்று நிர்வாகம் டல்லோவைக் கைவிட்டு, அதே நாளில் இஸ்ரேலின் நியூமெட் எனர்ஜியுடன் இணையப் போவதாக அறிவித்தது. மத்தியதரைக் கடலில் இருக்கும் லெவியதான் எரிவாயு வயலில் சுமார் 45 சதவீதம் நியூமெட்டுக்குச் சொந்தம். இந்த முறை ரொக்கம் உண்டு. முதலில் 62 கோடி டாலர் சிறப்பு டிவிடெண்ட், அதன் பிறகு இணைந்த கம்பெனியில் சுமார் 10 சதவீதப் பங்கு. அதாவது பீரோப் பணத்தை முதலில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பணத்தை வெளியே எடுத்துவிட்டால் நியூமெட்டுக்கு இதில் என்ன மிச்சம்? எகிப்து வயல்கள் ஒரு பக்கம். அதைவிட முக்கியம், லண்டன் பங்குச் சந்தையில் ஓர் இடம். டெல் அவிவில் மட்டும் வர்த்தகமாகும் ஒரு நிறுவனத்துக்கு, லண்டனில் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் கம்பெனி ஒரு ரெடிமேட் வாசல். உள்ளே தொழிலே இல்லாவிட்டாலும் ஒரு பட்டியலிட்ட கம்பெனிக்கு விலை உண்டு. சின்னப் பங்குகளில் "யாரோ வாங்கப் போகிறார்கள்" என்ற பேச்சு கிளம்பும்போது முக்கால்வாசிப் பேர் மறந்துபோவது இதைத்தான்.

டல்லோவை விட இது நல்ல பேரம். ஆனாலும் பேலிசர் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. அதனிடம் இருந்தது கேப்ரிகார்ன் பங்குகளில் 7 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பிரிட்டனின் 2006 கம்பெனிச் சட்டப்படி 5 சதவீத வாக்கு வைத்திருப்பவர்கள் கேட்டால் நிர்வாகம் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். பேலிசர் அதைப் பிடித்துக்கொண்டது. ஏழு இயக்குநர்களை நீக்கு, எங்கள் ஆறு பேரைப் போடு என்று தீர்மானம் கொண்டுவந்தது. அதன் வாதம் நேரடியானது: இணைப்பே வேண்டாம், செலவைக் குறை, பணத்தைக் கொடு. மற்ற பெரிய பங்குதாரர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். 2023 பிப்ரவரி 1 கூட்டத்துக்கு முன்பே முதன்மை நிர்வாகி சைமன் தாம்சன் உட்படப் பலர் விலகினார்கள். புதிய குழு வந்தது, அதே மாதம் நியூமெட் ஒப்பந்தமும் கைவிடப்பட்டது.

புதிய குழு சொன்னதைச் செய்தது. 2023 மே மாதம் சுமார் 45 கோடி டாலர் சிறப்பு டிவிடெண்ட், அதே வருடம் பிற்பாதியில் 10 கோடி, 2024-ல் 5 கோடி. ஏழு சதவீதம்கூட இல்லாத ஒருவர் மொத்தக் கம்பெனியின் திசையை மாற்றியது எனக்கு இன்றைக்கும் சிலிர்ப்பாக இருக்கிறது.

(திரையில்: டிவிடெண்ட் தேதி, பங்கு விலை வரைபடம்)

இங்கேதான் புது முதலீட்டாளர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், கவனமாகக் கேளுங்கள். 45 கோடி டாலர் கம்பெனியை விட்டு வெளியே போனால் கம்பெனியின் மதிப்பும் அந்த அளவுக்குக் குறையும். டிவிடெண்டுக்கான தகுதித் தேதி (அதற்குள் வாங்கியவருக்கே டிவிடெண்ட்) தாண்டிய காலையில் பங்கு விலை ஏறக்குறைய அதே அளவு இறங்கும். அதற்கு முந்தின நாள் வாங்குபவருக்கு இலவசமாக எதுவும் கிடைக்காது. அப்புறம், பங்கு ஆப்களில் "டிவிடெண்ட் ஈல்டு 50 சதவீதம்" (பங்கு விலையில் எத்தனை சதவீதம் டிவிடெண்டாக வந்தது) என்பதுபோல ஒரு எண் மின்னும். அது ஒரே ஒருமுறை வந்த பணத்தைக் குறைந்துபோன விலையால் வகுத்துக் காட்டுவது. அடுத்த வருடம் அது வராது. சிறப்பு டிவிடெண்ட் எது, வழக்கமான டிவிடெண்ட் எது என்று பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பிப் பணம் போடாதீர்கள்.

வாங்கப் போகிறார்கள் என்ற வதந்திக்கும் லண்டனில் ஒரு கடிவாளம் உண்டு. கையகப்படுத்தல் விதிகளின்படி, வாங்க யோசிப்பவரின் பெயர் அதிகாரபூர்வமாக வெளியே வந்துவிட்டால், 28 நாட்களுக்குள் உறுதியான விலையோடு வர வேண்டும், இல்லையென்றால் விலகுகிறேன் என்று அறிவிக்க வேண்டும். விற்கும் கம்பெனி ஒத்துக்கொண்டால் மட்டுமே நீட்டிப்பு. விலகியவர் பொதுவாக ஆறு மாதம் திரும்பி வர முடியாது. அதனால் லண்டன் பங்கு ஒன்றைப் பற்றி யாராவது "பேச்சு நடக்கிறது" என்று சொன்னால், முதலில் கம்பெனியின் அறிவிப்புப் பக்கத்தில் அந்த 28-ஆவது நாளின் தேதி இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, தருவது ரொக்கமா பங்கா என்று பாருங்கள். பங்கு என்றால் அவர்களுடைய கடன் எவ்வளவு என்பதையும் உடனே பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேப்ரிகார்ன் பங்குதாரராக இருந்திருந்தால் 62 கோடி டாலரோடு எரிவாயுவில் 10 சதவீதம் வாங்கியிருப்பீர்களா, பேலிசர் பக்கம் வாக்களித்திருப்பீர்களா? நான் பேலிசர் பக்கம். உங்கள் காரணத்தைக் கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.