மணலில் விழட்டும் நங்கூரம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மத்தியதரைக் கடலின் தீவுகளைச் சிறு பாய்மரப் படகில் சுற்றி வருவது குறித்துப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். படகுப் பயணம் என்றதும் பாயும் காற்றும் கடல்வழியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கடலில் கோடையில் படகோட்டுபவரின் நாள் ஓடுவதைவிட நிற்பதிலேயே அதிகம் கழிகிறது. காலையில் சில மணி நேரம் ஓடி, பிற்பகலுக்குள் ஒரு குடாவை அடைந்து, அங்கே நங்கூரம் பாய்ச்சி, நீந்தி, உண்டு, உறங்கி, மறுநாள் அடுத்த குடாவை நாடிப் போவதே அங்குள்ள வழக்கம். ஆகவே நங்கூரம் எங்கே விழ வேண்டும் என்ற ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஏற்ற இடமாக ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள பலேயாரிக் தீவுகளை, அவற்றுள்ளும் குறிப்பாக ஃபொர்மென்தேராவைத் தேர்ந்துகொண்டேன்.

மயோர்க்கா, மெனோர்க்கா, இபிசா, ஃபொர்மென்தேரா ஆகிய நான்கும் இந்தக் கூட்டத்தின் முதன்மைத் தீவுகள். நான்கில் சிறியதான ஃபொர்மென்தேராவில் விமான நிலையம் கிடையாது. யாராயினும் கடல் வழியாகத்தான் வந்து சேர வேண்டும். அதன் வட முனையில் எஸ் த்ருகாதோர் என்ற ஒடுங்கிய மணல் நிலம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்குப் பக்கம் இல்லேத்தஸ் கடற்கரை. கிழக்குப் பக்கம் யெவாந்த் கடற்கரை. குறுகலான இடங்களில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து போகச் சில நிமிடங்களே ஆகும். இந்த அமைப்பில் படகோட்டிக்கு ஒரு பெரும் வசதி உண்டு. கிழக்கிலிருந்து காற்று வீசும் நாளில் இல்லேத்தஸ் பக்கம் அலை அடங்கியிருக்கும். மேற்குக் காற்றானால் யெவாந்த் பக்கம் அடங்கியிருக்கும். காற்று எங்கே திரும்பும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் இருட்டுவதற்குள் முனையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்விடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. மேற்கு மத்தியதரைக் கடலில் ஓதம் மிகச் சிறியது. நீர்மட்டம் ஏறி இறங்குவது பொதுவாக ஓரிரு சாண் அளவே. ஆகவே நண்பகலில் அளந்த ஆழம் நள்ளிரவிலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். அட்லாண்டிக் கரைகளில் நங்கூரமிடுபவர் போடும் ஓதக் கணக்கு இங்கே தேவைப்படுவதில்லை. இதற்கு ஒரு விலக்கு மெனோர்க்காவின் சியுதாதெயா துறைமுகம். காற்றழுத்தம் திடீரென ஏறி இறங்கும் சில கோடை நாட்களில், அந்த நீண்ட குறுகிய நுழைகழியின் நீர் வேகமாக வடிந்து, பிறகு பெருகி வரும். அங்குள்ளவர்கள் இதை ரிஸாகா என்கிறார்கள். 2006 ஜூன் 15 அன்று நீர்மட்டம் சில நிமிடங்களுக்குள் ஏறத்தாழ 4 மீட்டர் மாறியதால், அங்கே கட்டியிருந்த பல படகுகள் நொறுங்கின.

இனி கடலின் அடித்தளத்துக்கு வருகிறேன். என் பேச்சின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஃபொர்மென்தேராவைச் சுற்றியுள்ள நீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதைப் பார்த்தவர்கள் எல்லோரும் வியக்கிறார்கள். அந்தத் தெளிவுக்கும் வெண்மணலுக்கும் பெரிதும் காரணமாக இருப்பது பொசிடோனியா என்ற கடற்புல். மத்தியதரைக் கடலைத் தவிர வேறெங்கும் வளராத இந்தத் தாவரத்தைப் பலர் பாசி என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இது வேரும் தண்டும் இலையும் உடைய பூக்கும் தாவரம். இலையுதிர் காலத்தில் கடலுக்கடியிலேயே பூத்து, பிறகு காய்க்கிறது. ஒரு மீட்டர் வரை நீளும் நாடா போன்ற இலைகள் அலையின் வேகத்தைக் குறைத்து, நீரில் மிதக்கும் துகள்களைப் படிய வைக்கின்றன. இலைகளின்மேல் வாழும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் மடிந்தபின் மணலோடு மணலாகின்றன. தெளிந்த நீரில் 40 மீட்டர் ஆழம் வரை இது படர்கிறது. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் இதற்குள்தான். குளிர்காலத்தில் உதிர்ந்த இலைகள் கரையில் பழுப்பு நிற மேடுகளாக ஒதுங்கும். சுற்றுலாப் பயணிகள் அதைக் குப்பை என்று முகம் சுளித்தாலும், புயல் அலை மணலை அரித்துச் செல்லாமல் தடுப்பவை அந்த மேடுகளே.

இந்தப் புல்வெளிகளின் வயதை எண்ணினால் மலைப்பாக இருக்கும். இபிசாவுக்கும் ஃபொர்மென்தேராவுக்கும் இடைப்பட்ட பகுதியில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவிய ஒரே மரபணுத் தாவரம் ஒன்றை ஆய்வாளர்கள் 2006-ல் கண்டறிந்தார்கள். அதன் வயது பல்லாயிரம் ஆண்டுகள் இருக்கலாம் என்பது அவர்களது கணக்கு. யுனெஸ்கோ 1999-ல் இபிசாவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, இந்தக் கடற்புல் வெளிகளையும் அதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் பொசிடோனியாவின் தண்டு கிடைவாக வளர்வது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே. ஒரு நங்கூரம் பெயர்த்தெடுக்கும் கைப்பிடி அளவு புல் மீண்டும் அந்த இடத்தை மூடப் பல ஆண்டுகள் ஆகும். பெரிய படகின் கனமான சங்கிலி இரவெல்லாம் புரண்டு உண்டாக்கும் வெற்றிடத்தை நம் தலைமுறை மூடக் காண முடியாது. நம் பாக் நீரிணையிலும் கடற்புல் வெளிகள் உண்டு. இனம் வேறு, ஆனால் அடித்தளத்தை உழுது செல்லும் இரும்பால் அவற்றுக்கு நேரும் தீங்கும் இதே வகையானதுதான். அவற்றை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் அங்கே ஒரு காப்பகத்தை அறிவித்ததை நேயர்கள் பலர் அறிந்திருப்பீர்கள்.

புல்லைக் காப்பது கடலுக்கு நல்லது, படகோட்டிக்கு அது ஒரு சுமை என்று சிலர் வாதிடக் கேட்டிருக்கிறேன். இது தவறான எண்ணம். நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடித்து வைப்பதில்லை. தரைக்குள் புதைந்தே பிடிக்கிறது. இங்கிலாந்தின் இயற்பியலர் ஜி. ஐ. டெய்லர் 1933-ல் உருவாக்கிய கலப்பை வடிவ நங்கூரமும், அதற்குப் பின் வந்த புதிய வடிவங்களும் எல்லாம் மணலையோ சேற்றையோ கீறி உள்ளே இறங்குவதற்காகவே அமைக்கப்பட்டவை. பொசிடோனியாவின் அடர்ந்த தண்டுப் பின்னலுக்குள் அவற்றின் முனை எளிதில் இறங்காது. இலைகளின்மேல் வழுக்கிக்கொண்டே போகும். அல்லது ஒரு வேர்க் கொத்தில் மாட்டிக்கொண்டு, பிடித்துவிட்டது போலத் தோன்றி, நள்ளிரவில் காற்று வலுக்கும்போது அந்தக் கொத்தையும் பெயர்த்துக்கொண்டு விடுபடும். மணலில் நன்றாகப் புதைந்த நங்கூரத்தையே நம்பித் தூங்க முடியும்.

மணலைக் கண்டுகொள்வது கடினமல்ல. வெயில் உச்சியில் இருக்கும்போது, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு குடாவுக்குள் மெதுவாக நுழைய வேண்டும். வெளிர் நீலமும் பச்சையுமாகத் தெரிவது மணல். கரும் நீலமாகத் தெரிவது புல் அல்லது பாறை. மேகத்தின் நிழலும் கருமையாகத் தெரியும், ஆனால் அது நகர்ந்துவிடும். மாலை மங்கியபின் வந்து சேருபவருக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. அதனால்தான் பிற்பகலுக்குள் குடாவை அடைய வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஐயம் இருந்தால், நங்கூரம் இட்டபின் ஒருவர் நீர்க்கண்ணாடி அணிந்து இறங்கிப் பார்த்துவிடலாம். அந்தத் தெளிந்த நீரில் நங்கூரம் எப்படிப் பதிந்திருக்கிறது என்பது மேலிருந்தே தெரியும். எத்தனை களைப்பாக இருந்தாலும் இதைச் செய்யாமல் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இடத்தைத் தேர்ந்தபின் படகின் அணியத்தை, அதாவது முன்பகுதியை, காற்றுக்கு எதிராக நிறுத்தி, படகு முழுவதும் நின்றபின் நங்கூரத்தை மெதுவாக இறக்க வேண்டும். காற்று படகைப் பின்னோக்கித் தள்ளத் தள்ளச் சங்கிலியை விட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டினால் சங்கிலி நங்கூரத்திலேயே சுற்றிக்கொள்ளும். எவ்வளவு சங்கிலி விடுவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நீரின் ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 6 மீட்டர். இரவு தங்குவதற்கு அதன் ஐந்து மடங்கு, அதாவது 30 மீட்டர் சங்கிலி வேண்டும். சங்கிலி தரையில் படிந்து கிடந்தால்தான் இழுவிசை கிடைவாக நங்கூரத்தை அடையும். மேல்நோக்கி இழுத்தால் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பிறகு எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி நங்கூரத்தை நன்றாகப் பதிய வைத்து, கரையிலுள்ள இரண்டு பொருள்களை நேர்கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் நங்கூரம் இழுபடுகிறது என்று பொருள். பகலில் ஒரு கறுப்பு உருண்டையை அணியத்தில் தொங்கவிடுவதும், இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கை ஏற்றுவதும் பன்னாட்டுக் கடல் விதிகள்.

நங்கூரம் மணலில் விழுந்தாலும், காற்று திரும்பும்போது படகு வட்டமடிக்கும். சங்கிலியும் கூடவே தரையைத் துடைத்துக்கொண்டு போகும். அந்த வட்டத்துக்குள் புல்வெளி வந்தால் மணலில் நங்கூரமிட்டதன் பயன் பாதி போய்விடும். ஆகவே சிறு மணல் திட்டை நம்பாமல் விரிந்த மணல்வெளியைத் தேட வேண்டும்.

பலேயாரிக் அரசு 2018-ல் பிறப்பித்த ஆணை, பொசிடோனியாவின்மேல் நங்கூரமிடுவதைத் தடை செய்கிறது. கோடையில் கண்காணிப்புப் படகுகள் குடாக்களைச் சுற்றி வந்து, தவறான இடத்தில் நிற்பவர்களை மணலுக்கு நகரச் சொல்கின்றன. பிரான்சும் தன் மத்தியதரைக் கரையில் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு இத்தகைய தடையைக் கொண்டுவந்திருக்கிறது. மயோர்க்காவுக்குத் தெற்கே, 1991-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட கப்ரேராவில் முன் அனுமதி பெற்று, அங்கே பொருத்தப்பட்ட மிதவைகளில்தான் படகைக் கட்ட வேண்டும். தடையைவிட இந்த மிதவை முறையையே நான் மேலானதாகக் கருதுகிறேன். தரையில் ஒரு முறை பதித்த பிடிப்பு பல ஆண்டுகளுக்குப் பல படகுகளைத் தாங்கும். ஆகஸ்ட் மாதத்தில் மணல் திட்டுகள் எல்லாம் நிரம்பிவிட்ட பிறகு வந்து சேருபவருக்குப் புல்லின்மேல் இறக்கும் எண்ணமும் எழாது. இல்லேத்தஸ் போன்ற நெரிசலான இடங்களில் மிதவைகள் பெருக வேண்டும்.

வானிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோடைக் கடல் பெரும்பாலும் அமைதியானது. அதுவே படகோட்டியைக் கவனமிழக்கச் செய்கிறது. 2022 ஆகஸ்ட் 18 அன்று கோர்சிகா தீவைத் தாக்கிய புயலில் காற்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 2024 ஆகஸ்ட் 14 அன்று வீசிய புயலில் ஃபொர்மென்தேராவின் கரைகளில் பல படகுகள் தரைதட்டின. நெருங்கி நிற்கும் படகுகளுக்கிடையே ஒன்றின் நங்கூரம் இழுபட்டால், அது அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். அத்தகைய முன்னறிவிப்பு வந்தால் குடாவில் காத்திராமல் லா சவீனா போன்ற துறைமுகத்துக்கு நேரத்தோடு போய்விடுவதே சரி. அங்கே இடமில்லை என்றால் காற்றுக்கு மறைவான கரைக்கு முந்திய நாளே போய்விட வேண்டும்.

ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சில கோடை விடுமுறையில் படகை வாடகைக்கு எடுப்பதை அறிவேன். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படகைக் கையேற்கும்போது சமையலறையும் படுக்கையும் பார்ப்பதற்கு முன், சங்கிலி மொத்தம் எத்தனை மீட்டர், எத்தனை மீட்டருக்கு ஒரு முறை வண்ணக் குறி இட்டிருக்கிறார்கள், அலையின் அதிர்வைத் தாங்கச் சங்கிலியில் மாட்டும் கயிறு இருக்கிறதா என்று கேளுங்கள். கடற்புல் வெளிகளைக் காட்டும் வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். சங்கிலி 30 மீட்டருக்கும் குறைவாக இருந்தால், கிளம்புவதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வணக்கம்.