அஞ்சடி ஓரத்தில் ஒரு கேமரா: ஜோர்ஜ்டவுன் தெருக்களைப் படம் பிடிப்பது

வணக்கம், நேயர்களே.

பினாங்குக்குப் போய்வந்தவர்களின் படங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். லெபோ ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் சுவரோவியம், அதன் முன்னால் நம் வீட்டுப் பிள்ளை. ஒரு கோயில் கோபுரம். ஒரு தட்டு நாசி கண்டார். ஊர் மாறாது, படத்தில் நிற்கும் ஆள் மட்டும் மாறுவார். அந்தச் சுவரோவியத்தை எர்னஸ்ட் சக்காரேவிச் 2012இல் வரைந்தார். அன்றிலிருந்து அதன்முன் வரிசை குறையவில்லை. நல்ல ஓவியம்தான். ஆனால் அதைப் படம் எடுப்பது அவர் செய்து முடித்த வேலையை நகல் எடுப்பது. அதற்கு முதுகைக் காட்டி நின்று, முறைக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். தலைசீவும் அம்மா, பொறுமையிழந்த அப்பா, ஐஸ்கிரீம் வழியும் கை. தெருப் படம் அங்கேதான் இருக்கிறது.

பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனில் எங்கே போய் எடுக்கலாம் என்று கேட்பவர்கள் அதிகம். அந்த ஊரில் எங்கே நின்றாலும் ஏதாவது நடக்கும். கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மணிக்கு, தெருவின் எந்தப் பக்கம் என்பதுதான். இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஊரின் திசையை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடல் கிழக்கே. அக்கரையில் பட்டர்வொர்த். கடலை ஒட்டியபடி போகிற லெபோ பந்தாய், லெபோ பினாங்கு, லெபோ குவீன் போன்ற தெருக்கள் ஏறத்தாழ வடக்கு தெற்கு. கடலிலிருந்து உள்ளே வருகிற லெபோ சூலியா, லெபோ பசார், லெபோ சீனா போன்றவை ஏறத்தாழ கிழக்கு மேற்கு. ஆகவே காலையில் லெபோ பசாரில் வெயில் தெருவின் நீளத்துக்கும் ஓடும். கடலுக்கு முதுகைக் காட்டி நடந்தால் எதிரே வருகிறவர்கள் முகத்தில் நேர்வெயில். திரும்பிக் கடலைப் பார்த்தால் அதே ஆட்கள் கறுப்பு உருவங்கள். லெபோ குவீனில் கணக்கு வேறு. காலையில் மேற்குப் பக்கத்து வரிசை மட்டும் வெளிச்சம் வாங்கும், எதிர்வரிசை நிழலில் கிடக்கும். மகாமாரியம்மன் ஆலயத்தின் முகப்பு அந்த மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. கோபுரத்துச் சிற்பங்கள் தெளிவாக வேண்டும் என்றால் காலையில் போக வேண்டும். மாலையில் போனால் பின்னால் வானம் வெளுத்து, கோபுரம் கறுத்துவிடும்.

அடுத்தது கடிகாரம். 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியது. பினாங்கோ மேற்கே தள்ளியிருக்கும் தீவு. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒன்றேகால் மணியையொட்டி. விடிவது 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையில். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் ஐந்தரைக்கு எழுந்து இருட்டில் நிற்க வேண்டாம். இன்னொன்று, பூமத்தியரேகைக்கு வடக்கே ஐந்தரை பாகைக்குள் இருக்கிற ஊர் இது. சூரியன் செங்குத்தாக ஏறும், செங்குத்தாக இறங்கும். பொன்வெயில் என்று நாம் சொல்கிற நேரம் இங்கே சுருக்கம். விடிந்த முக்கால் மணி நேரத்துக்குள் அது போய்விடும். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் மதிய வெயில் உச்சந்தலைக்கு நேராக விழும். கண்குழியில் நிழல், மூக்கின் கீழ் நிழல். அந்த நேரத்தில் நடுத்தெருவில் நின்று முகங்களை எடுப்பது வீண்வேலை.

அப்படியென்றால் மதியம் என்ன செய்வது? இந்த ஊருக்கென்றே அமைந்த ஒரு வசதி இருக்கிறது: அஞ்சடி. கடைவீட்டின் முன்னால், மாடியின் அடியில், தூண்களுக்கும் கடைவாசலுக்கும் நடுவே ஓடுகிற அந்த நடைபாதை. 1822இல் சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் கூரையிட்ட நடைபாதை கட்டாயம் என்று இருந்தது. பிறகு இந்த வட்டாரத்து ஊர்களெல்லாம் அதை எடுத்துக்கொண்டன. ஜோர்ஜ்டவுன் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. இந்தக் கடைவீட்டு வரிசைகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அஞ்சடி படம் எடுப்பவனைக் காப்பாற்றவும் செய்யும், ஏமாற்றவும் செய்யும். ஏமாற்றுவது எப்படி என்று எண்ணாகச் சொல்கிறேன், பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் விழும் தெருவுக்கு அபெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப் 8; ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 500இல் ஒரு பங்கு; ஒளியுணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓ 100 போதும். அதே எஃப் 8இல் அஞ்சடியின் உள்சுவர் ஓரமாக நிற்கிறவருக்கு ஷட்டர் 250இல் ஒரு பங்கும் ஐஎஸ்ஓ 3200உம் வேண்டியிருக்கும். நடுவே ஆறு ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு, ஆறு என்றால் அறுபத்து நான்கு மடங்கு. இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க நினைத்தால் ஒன்று தெரு வெளுத்துப்போகும், இல்லையென்றால் ஆள் கரிக்கட்டை ஆவார். கேமரா தானாக அளந்தால் பெரும்பாலும் தெருவின் வெளிச்சத்துக்கு மயங்கும். நம் நிறத்து முகங்களுக்கு அதில் நட்டம் இன்னும் கூடுதல்.

வழி இருக்கிறது. தூண்களுக்கு நடுவே தரையில் வெயிலும் நிழலும் பிரியும் கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டுக்கு ஓரடி உள்ளே நிற்கிற முகத்தைக் கவனியுங்கள். நேர்வெயில் இல்லை. ஆனால் எதிர்ச்சுவரிலும் தார்ச்சாலையிலும் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பக்கவாட்டில் இருந்தும் கீழிருந்தும் அந்த முகத்தில் விழுகிறது. கண் தெரியும், தோலின் மினுமினுப்பு தெரியும், பின்னால் கடையின் உட்புறம் இருண்டு ஒதுங்கும். இங்கே எஃப் 8, 250இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 400 கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். எதிர்ச்சுவர் வெள்ளையோ வெளிர்மஞ்சளோ என்றால் இன்னும் நல்லது. நீலச் சுவர் என்றால் முகத்தில் நீலம் ஏறும். கடைக்காரர் நாற்காலி போட்டு நாளிதழ் படிப்பது பெரும்பாலும் இந்த ஓரத்தில்தான். அவருக்கும் வெளிச்சம் வேண்டுமே.

அஞ்சடியின் மேலே தொங்கும் கேன்வாஸ் படுதாக்களை மறந்துவிடாதீர்கள். சிவப்புப் படுதாவின் கீழ் எல்லா முகமும் சிவப்பு, பச்சையின் கீழ் எல்லாரும் நோயாளி. வெயில் பட்ட பகுதிக்கு ஒரு நிறம், படுதாவின் கீழ் வேறு நிறம் என்று இருப்பதால் கேமராவில் நிறத்தைச் சரிசெய்கிற வெள்ளைச் சமநிலையை மாற்றினாலும் தீராது. ஓரடி தள்ளி நில்லுங்கள், அல்லது கறுப்பு வெள்ளை ஆக்கிவிடுங்கள்.

கேமராவை எப்படி வைத்துக்கொள்வது? அபெர்ச்சர் முன்னுரிமை முறை (அபெர்ச்சரை நாம் வைப்போம், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), எஃப் 8. ஐஎஸ்ஓ தானியங்கி, மேல்வரம்பு 6400. குறைந்தபட்ச ஷட்டர் 250இல் ஒரு பங்கு. இப்படி வைத்தால் நிழலில் ஐஎஸ்ஓ ஏறும், வெயிலுக்கு வந்ததும் ஷட்டர் தானே வேகம் கூடும். முழு மேனுவலில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் தானியங்கியாக விட்டால், நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தவுடன் ஐஎஸ்ஓ 100இல் முட்டி நின்று படம் வெளுத்துவிடும். இந்த ஊரில் பத்து எட்டுக்கு ஒருமுறை வெயிலும் நிழலும் மாறுவதால் இந்த வேறுபாடு முக்கியம்.

ஃபோகஸ் தேட நேரம் இருக்காது. முழு அளவு சென்சாரில் 35 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 8, இரண்டரை மீட்டரில் பூட்டினால் ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 4.8 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். 28 மில்லிமீட்டர் என்றால் 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை. அஞ்சடியின் நெருக்கத்துக்கு 28 வசதி. நீண்ட ஜூம் லென்ஸ் வேண்டாம் என்பேன். தூரத்திலிருந்து குறிபார்க்கும் ஆளை ஊர் உடனே கண்டுகொள்ளும், பக்கத்தில் நின்று சிரிப்பவரைப் பொறுத்துக்கொள்ளும்.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்களுக்கும் இதே வெளிச்சம்தான், தொல்லை வேறு. அதன் மென்பொருள் பல படங்களை அடுக்கி நிழலைத் தூக்கி வெயிலை அமுக்கும். அஞ்சடியின் தூணும் நிழலும் கட்டம்கட்டமாக விழுகிற அழகு அதில் தட்டையாகிவிடும். திரையில் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். நிழல் கறுக்கட்டும்.

ஓர் இடத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஜாலான் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங்கில் இருக்கிற குவான் யின் கோயில், லெபோ சீனாவை நேராகப் பார்த்தபடி கிழக்குமுகமாக நிற்கிறது. காலை வெயில் அந்தத் தெருவழியே வந்து முற்றத்தில் விழும். எல்லாரும் தெருவில் நின்று கோயிலை எடுப்பார்கள். புகை அப்போது சாம்பல் பூச்சாகத்தான் தெரியும். முற்றத்துக்குள் வந்து, கோயிலுக்கு முதுகைக் காட்டி, கடல் பக்கம் பாருங்கள். ஊதுபத்திப் புகை வெயிலுக்கு எதிரே ஒளிபெற்று எழும், கும்பிடுகிறவர்கள் ஓரங்களில் வெளிச்சக் கோடு வாங்குவார்கள். சூரியனை ஒரு தூணுக்கோ தலைக்கோ பின்னால் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் வெளிச்சம் சிதறும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் ஏறும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் குறையுங்கள். சீன நாள்காட்டியின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கூட்டம் அதிகம். சாம்பல் பறக்கிற இடத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள்.

அதே சாலையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமைத் தொழுகை உச்சிவெயிலில் கலையும். வெள்ளை உடைகள் அந்த வெயிலில் வெளுத்து, மடிப்பே தெரியாமல் போகும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பாவது இறக்குங்கள். தொழுகிறவர்களைப் படம் எடுக்க வேண்டாம், வாசலில் செருப்பு தேடுகிற நேரம் போதும்.

லிட்டில் இந்தியா பக்கம் தே தாரிக் ஆற்றுகிறவர் கிடைக்காமல் போகமாட்டார். ஷட்டர் 60இல் ஒரு பங்கு வைத்தால் தேநீர் கயிறுபோல நீளும், 1000இல் ஒரு பங்கில் துளிதுளியாக உடையும். என் ஓட்டு கயிற்றுக்கு. ஆனால் அந்த வேகத்தில் நம் கையும் ஆடும், தூணில் தோளைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி பற்றி. கடைக்காரரிடம் "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கவா?" என்றால் போதும். மலாய்க்காரரிடம் "போலே அம்பில் கம்பார்?" என்று கேளுங்கள். கையை ஆட்டினால் விட்டுவிடுங்கள். பெக்கா என்கிற மூன்றுசக்கர ரிக்‌ஷா ஓட்டுபவர் படத்துக்குப் பணம் எதிர்பார்த்தால் அது நியாயமே, முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். பெங்காலான் வெல்ட் ஓரத்துச் சீனக் குலத்தார் படகுத்துறைகளில் பலகைப்பாதையின் இருபுறமும் வீடுகள். விடிகாலை வெளிச்சம் அங்கே அருமை, ஆனால் அது அவர்கள் வாசல். திறந்த கதவுக்குள் லென்ஸை நீட்டாதீர்கள், சுற்றுலாப் பயணிகள் அடிக்கடி செய்கிற அநாகரிகம் அது. அடுத்து, துப்பாக்கி ஏந்திய சிப்பாய் உருவம் போட்டு "கவாசான் லாராங்கான்" என்று எழுதிய சிவப்புப் பலகை. அது 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடம். அங்கே வாதாட எதுவும் இல்லை, கேமராவைப் பையில் போடுங்கள்.

தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளிரதம் தண்ணீர்மலைக்குக் கிளம்பும்போது சாலையில் தேங்காய் உடைப்பார்கள். ஓடு தெறிக்கும், இளநீரில் தரை வழுக்கும். லென்ஸ்முன் ஒரு ஃபில்டர் போட்டு, மூன்று நான்கு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

மழை வந்தால் ஓட வேண்டாம், அஞ்சடி இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை கூடுதல். நின்றபின் ஈரச்சாலை வெளிச்சத்தைத் திருப்பி வீசும், ஆறு ஸ்டாப் வித்தியாசம் இரண்டு மூன்றாகச் சுருங்கும்.

இரவில் லெபோ சூலியாவின் அங்காடிக்கடைகள். விளக்கு எல்ஈடி. மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவு விளக்குகள் நொடிக்கு நூறுமுறை துடிக்கும். ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் 250இல் ஒரு பங்கு வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 100இல் அல்லது 50இல் ஒரு பங்கு வையுங்கள். நடக்கிறவர்கள் கலங்குவார்கள், மீ பிரட்டுகிறவர் தெளிவாக நிற்பார்.

கடைசியாக ஈரப்பதம். ஏசி அறையில் 20 டிகிரியில் கிடந்த கேமராவை வெளியே எடுத்த நொடியில் லென்ஸ் மூடுபனி போடும். துடைத்தால் மறுபடி போடும். அந்த நேரத்தில் லென்ஸை மாற்றினால் சென்சாரிலும் ஈரம் படியும். கேமராவை இறுக மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கிளம்புவதற்கு அரை மணி முன்னே ஏசி இல்லாத குளியலறையில் வைத்துவிடுங்கள். ஊர் திரும்பியபின் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள உலர்பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லாதவர்கள் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அதன் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். தோல்பையில் பூட்டி அலமாரியில் வைத்த லென்ஸில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும்.

நன்றி, வணக்கம்.