தாங்கவும் வேண்டும், மக்கவும் வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் மிகவும் அஞ்சும் கருவி ஒரு சல்லடை. வட்டமான சட்டம், கம்பி வலை, 2 மில்லிமீட்டர் கண். அவ்வளவுதான். பை செய்வதற்கான மக்கும் பிளாஸ்டிக் தாளை நாங்கள் ‘பிலிம்’ என்போம். பன்னிரண்டு வாரங்கள் சூடான உரத்துக்குள் புதைந்து கிடந்த பிலிமை, அந்த உரத்தோடு சேர்த்து இதில் கொட்டிச் சலிக்கிறோம். கறுத்து உதிரியாகிவிட்ட உரம் கீழே இறங்கிவிடும். மேலே தங்குவதைக் கழுவி, உலர்த்தி, எடை போடுகிறோம். உள்ளே வைத்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிஞ்சியிருந்தால் அந்தப் பிலிம் தேறவில்லை என்று பொருள். மாதக்கணக்கில் உழைத்த உழைப்பு என்ன ஆயிற்று என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

சென்ற முறை சலித்தபோது முதலில் மனம் துள்ளியது. பையின் உடல் பகுதி போன இடமே தெரியவில்லை. சலித்து முடிக்கும் தறுவாயில், சுருண்ட நாடா ஒன்று மேலே வந்தது. விரல் அகலம்கூட இல்லை. கழுவிப் பார்த்தேன். பையின் அடியில் இரண்டு பிலிம்களை வெப்பத்தால் ஒட்டும் இடம் அது. நாங்கள் ‘சீல்’ என்போம். பழுப்பேறியிருந்தது, ஓரங்கள் அரித்திருந்தன, ஆனால் இரண்டு கைகளாலும் இழுத்தபோது அறுபடவில்லை. சுமை முழுவதும் அடியில்தானே இறங்குகிறது என்று எந்த இடத்தை மிக உறுதியாகச் செய்தோமோ, அந்த இடம்தான் மக்க மறுத்து நின்றது. மக்கும் பிலிம் செய்வதில் உள்ள சங்கடம் முழுவதையும் அந்த நாடாவை வைத்தே சொல்லிவிடலாம்.

பை கையில் இருக்கும்வரை கிழியக் கூடாது. ஈரம் பட்டாலும், கூர்மையான முனை குத்தினாலும், கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தாலும் தாங்க வேண்டும். உரக்குழிக்குப் போனதும் சுவடு தெரியாமல் மறைய வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்தத் துறையில் இருப்பவர்களின் நிலை அதுதான். ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடுகிறது.

வழக்கமான பிளாஸ்டிக் பை பாலிஎத்திலீனால் ஆனது. கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று நேராகக் கைகோத்து நிற்கும் மிக நீண்ட சங்கிலி அது. அந்தப் பிடியை அவிழ்க்கும் வல்லமை மண்ணில் உள்ள நுண்ணுயிர்களுக்கு அநேகமாக இல்லை. மக்கும் பிளாஸ்டிக்குகள் பெரும்பாலானவற்றின் சங்கிலியில், இடையிடையே ‘எஸ்டர்’ என்ற கண்ணி இருக்கிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் தண்ணீர் அந்தக் கண்ணியை மெல்லத் திறக்கும். நுண்ணுயிர் சுரக்கும் நொதிகள் அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். சங்கிலி துண்டு துண்டாகி, நுண்ணுயிர் உள்ளிழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறுத்ததும், அது வெறும் உணவு. கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் நுண்ணுயிரின் உடலாகவும் மாறிவிடுகிறது.

தாவரத்திலிருந்து செய்த பிளாஸ்டிக் என்றால் மக்கிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். கரும்பிலிருந்து வடிக்கும் எத்தனாலைக் கொண்டு பாலிஎத்திலீன் செய்கிறார்கள். பிறப்பு கரும்பில்தான், ஆனாலும் அது மக்காது. சங்கிலி அதே கார்பன் சங்கிலி. பி.பி.ஏ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலியெஸ்டர் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1998இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது மக்கும். ஆகவே ஒரு பையைக் கையில் எடுத்தால், எதிலிருந்து செய்தார்கள் என்பதோடு நிறுத்திவிடாமல், எந்தச் சூழலில், எத்தனை நாளில் மக்கும் என்றும் கேளுங்கள்.

‘ஆக்சோ’ வகைப் பைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலிஎத்திலீனிலேயே சில உலோக உப்புகளைக் கலந்துவிடுவார்கள். வெயிலும் காற்றும் பட்டால் பை பொடிப்பொடியாகிவிடும். கண்ணிலிருந்து மறைவதைப் பார்த்து மக்கிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் பொறுக்கி எடுக்கக்கூடிய ஒரு பை, பொறுக்கவே முடியாத லட்சம் துகள்களாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இவற்றை விற்பனையிலிருந்து விலக்கியது. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி, பிலிம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். எங்கள் கையில் இருக்கும் முக்கியமான பொருள்கள் மூன்று. முதலாவது பி.எல்.ஏ., அதாவது பாலி லாக்டிக் அமிலம். சர்க்கரையையோ மாவுச்சத்தையோ நொதிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்தைக் கோத்துச் செய்வது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், விறைப்பாக இருக்கும். ஆனால் பை செய்து மடக்கினால் சடசடவென்று முறியும். இரண்டாவது, சற்றுமுன் சொன்ன பி.பி.ஏ.டி. நன்றாக நீளும், வளையும், ஆனால் தொய்ந்துவிடும். மூன்றாவது மாவுச்சத்து. அதைக் கிளிசராலும் தண்ணீரும் சேர்த்துச் சூட்டில் பிசைந்தால் பிளாஸ்டிக் போல உருகி ஓடும். எளிதில் கிடைக்கும், விரைவில் மக்கும். ஆனால் ஈரத்தைக் கண்டால் குழைந்துவிடும், உலர்ந்தால் நொறுங்கிவிடும், நாளாக ஆகத் தானாகவே விறைத்துப்போகும். ஒன்றின் குறையை இன்னொன்றால் ஈடுகட்டுவதுதான் கலவையின் நோக்கம். ஆனால் பி.எல்.ஏ.வும் பி.பி.ஏ.டி.யும் எளிதில் ஒன்று கலப்பதில்லை. ஒன்றுக்குள் மற்றொன்று துளித்துளியாக நிற்கும். துளிகள் பெரிதாக இருந்தால் அந்த எல்லையிலேயே பிலிம் கிழியும். இரண்டையும் பிடித்து இணைக்கும் ஒரு பொருளைச் சிறிதளவு சேர்த்துத் துளிகளைப் பொடியாக்க வேண்டும்.

நுண்ணுயிரே தன் உடலுக்குள் சேர்த்துவைக்கும் பிளாஸ்டிக்கும் உண்டு. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர் மோரிஸ் லெமுவான் 1926இலேயே அதைக் கண்டறிந்தார். உரக்குழியில் மட்டுமல்லாமல் மண்ணிலும் கடல்நீரிலும்கூட மக்கக்கூடிய வகை அது. விலை இறங்கினால் பல பிரச்சினைகள் தீரும். நாங்கள் காத்திருக்கிறோம்.

பிலிம் ஊதுவது பார்க்கவேண்டிய காட்சி. பிளாஸ்டிக் குருணைகள், எக்ஸ்ட்ரூடர் என்ற உருக்கித் தள்ளும் இயந்திரத்துக்குள் 160, 170 டிகிரி செல்சியஸில் உருகி, வளையமான அச்சின் வழியாகக் குழாய் போல மேலே எழும்பும். உள்ளே காற்றைச் செலுத்தினால் அந்தக் குழாய் பெரிய குமிழியாக உப்பும். சுற்றிலும் குளிர்காற்று படும் இடத்தில், தெளிவாக இருக்கும் குமிழி சட்டென்று லேசாகப் பால் நிறமாகும். பிலிம் இறுகும் கோடு அது. மேலே இரண்டு உருளைகள் அதை அழுத்தித் தட்டையாக்கிச் சுருட்டும். பாலிஎத்திலீன் இதில் பரம சாது. எங்கள் கலவை அப்படியில்லை.

ஒருமுறை ஊத ஆரம்பித்துச் சில நிமிடங்களில் குமிழி ஆடத் தொடங்கியது. உருகிய கலவை பாகுத்தன்மை இழந்து நீராக ஓடியது. குமிழி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பொத்துக்கொண்டு, அச்சின்மேலேயே விழுந்தது. வெப்பநிலையை மாற்றினோம், காற்றைக் குறைத்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. காரணம் முந்தைய நாளே நடந்துவிட்டிருந்தது. உலர்த்தி வைத்த குருணை மூட்டையின் வாயை யாரோ சரியாகக் கட்டவில்லை. இரவில் அது காற்றின் ஈரத்தைக் குடித்திருந்தது. பி.எல்.ஏ. குருணையில் பத்து லட்சம் பங்கில் 250 பங்குக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது என்பது விதி. மீறினால், உரக்குழியில் நடக்கவேண்டியது இயந்திரத்துக்குள்ளேயே நடந்துவிடும். அதே எஸ்டர் கண்ணி, அதே தண்ணீர், கூடுதல் சூடு. அன்று அந்த மூட்டையின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணி திறக்கிறது என்று புத்தகத்தில் படித்ததை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன்.

கைப்பையோடு நின்றுவிட்டால் சுமை குறைவு. உணவுப்பொருளைச் சுற்றும் உறை என்றால் வேறு கதை. ஈரம் உள்ளே போகக் கூடாது, ஆக்சிஜன் உள்ளே போகக் கூடாது, மணம் வெளியே போகக் கூடாது. மக்கும் பிலிம்கள் பொதுவாக நீராவியைத் தடுப்பதில் பாலிஎத்திலீனுக்கு மிகவும் பின்தங்கியவை. இந்தப் போராட்டம் புதியதன்று. சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஜாக் பிராண்டன்பெர்கர் மரக்கூழிலிருந்து செலோஃபேன் பிலிமைக் கண்டுபிடித்தார். மண்ணில் மக்கும் அருமையான பிலிம். ஆனால் ஈரத்தை உள்ளே விட்டுவிடும். 1927இல் டூபான்ட் நிறுவனத்தில் ஈரம் புகாத பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் உணவு உறையாக அது பரவியது. பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும், தாங்க வேண்டும், அதுவும் மக்க வேண்டும் என்ற அதே கணக்கைத்தான் இன்றும் போட்டுக்கொண்டிருக்கிறோம். அச்சிடும் மையும் பசையும்கூடக் கணக்கில் சேரும். ஐரோப்பியத் தர விதியில், மக்குமா என்று தனியே சோதிக்காமல் விடும் சேர்மானம் ஒவ்வொன்றும் மொத்த எடையில் 1 சதவீதத்துக்குள்ளும், அவை எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும்.

சல்லடைச் சோதனை உருவம் சிதைந்ததா என்பதை மட்டும்தான் சொல்லும். உருவம் சிதைவதும் உணவாவதும் ஒன்றல்ல. அதற்குத் தனிச் சோதனை உண்டு. மூடிய கலத்தில் முதிர்ந்த உரத்தையும் பிலிம் துணுக்குகளையும் போட்டு, 58 டிகிரியில் வைத்து, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அன்றாடம் அளக்கிறோம். வெறும் உரம் விடும் அளவைக் கழித்துவிட்டால், பிலிமிலிருந்து வந்தது எவ்வளவு என்று தெரியும். 180 நாட்களுக்குள் அதன் கார்பனில் 90 சதவீதம் மூச்சாக வெளியே வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த உரத்தில் விதை போட்டு, வெறும் உரத்தில் முளைப்பதில் பத்தில் ஒன்பது பங்காவது முளைத்து வளர்கிறதா என்றும் பார்க்கிறோம். முளைவிட்ட தொட்டிகளை எண்ணும் அந்த நாள் எனக்கு எப்போதும் பிடித்த நாள்.

அந்த 58 டிகிரியை மறந்துவிடாதீர்கள். பெரிய உரக்கூடங்களில், டன் கணக்கில் குவிந்த கழிவில், நுண்ணுயிர்களின் உழைப்பாலேயே அந்தச் சூடு உண்டாகிறது. வீட்டு மூலையில் வைத்திருக்கும் தொட்டியில் அது வருவது அரிது. பி.எல்.ஏ. சுமார் 55, 60 டிகிரியைத் தொட்டால்தான் இளகித் தண்ணீருக்கு வழிவிடும். சாதாரண மண்ணில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பிளைமவுத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்ப்சனும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் திறந்த வெளியிலும் போட்டுவைத்துப் பார்த்தார்கள். மக்கும் பை கடலில் மூன்று மாதங்களுக்குள் காணாமல் போனது. மண்ணில் அதே பை 27 மாதங்களுக்குப் பிறகும் கிடந்தது, சுமை தாங்கும் வலிமை மட்டும் இல்லை. ‘உயிரியல் முறையில் சிதையும்’ என்று போட்டிருந்த இன்னொரு பை மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பொருள்களைச் சுமந்தது.

வீட்டுத் தொட்டிக்கென்று ஆஸ்திரேலியாவிலும் பிரான்சிலும் தனித் தர விதிகள் இருக்கின்றன. அவற்றில் சோதனை 20 முதல் 30 டிகிரியில் நடக்கிறது, ஓராண்டு அவகாசம் தருகிறார்கள். உறையின்மேல் ‘மக்கும்’ என்ற ஒற்றைச் சொல்லைப் போடுவது போதாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். உரக்கூடத்திலா, வீட்டிலா, மண்ணிலா என்று அச்சிட வேண்டும். அதைச் சொல்லாத பையை நான் நம்புவதில்லை.

எல்லாப் பையையும் மக்கும் பையாக மாற்றிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய பை இருந்தால் அதுவே மேல். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுசுழற்சி செய்யும் இடத்தில் எங்கள் பிலிம் கலந்தால் அந்தச் சரக்கும் கெடும். குப்பைமேட்டின் அடியில், காற்றில்லாத இடத்தில் மக்கினால் மீத்தேன் உண்டாகும். எங்கள் பொருளுக்கு உரிய இடம், பிரித்தெடுக்கவே முடியாதபடி உணவுக்கழிவோடு ஒட்டிப்போகும் இடம். பழத்தின் மேல் ஒட்டும் சிறு ஒட்டுத்தாள், தேயிலைப் பொட்டலம், சமையலறைக் கழிவைக் கட்டிக் கொடுக்கும் பை. வயலில் களையைத் தடுக்க விரிக்கும் மூடாக்குப் பிலிமும் அப்படித்தான். அறுவடைக்குப் பிறகு அதை மண்ணிலிருந்து முழுதாகப் பிய்த்தெடுக்க எந்த உழவராலும் முடியாது. அதற்கென ஐரோப்பாவில் 2018இல் தனித் தர விதி வந்தது. மண்ணிலேயே 24 மாதங்களுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும்.

இத்தாலியின் மிலான் நகரம் 2012 முதல் 2014க்குள் வீடுதோறும் உணவுக்கழிவைத் தனியாக வாங்கும் முறையை நகரம் முழுவதும் கொண்டுவந்தது. கழிவு மக்கும் பையில் வருகிறது, பையோடு பதப்படுத்தும் ஆலைக்குப் போகிறது. பையும் வண்டியும் ஆலையும் ஒரே நேரத்தில் இருந்ததால் அது நடந்தது. ஆலை இல்லாத ஊருக்குப் பையை மட்டும் அனுப்பினால் அது இன்னொரு குப்பை. பை செய்பவனாக இதைச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

அந்தச் சீல் நாடாவுக்கு வருகிறேன். பிலிமின் தடிப்பு இரண்டு மடங்கானால் மக்கும் நேரமும் கூடும். சான்றிதழ்களில்கூட எத்தனை மைக்ரான் தடிப்புவரை செல்லும் என்று குறித்திருப்பார்கள். அதனால் இப்போது சீலின் அகலத்தைப் பாதியாகக் குறைத்து, ஒட்டும் வெப்பத்தையும் இறக்கியிருக்கிறோம். கலவையில் மாவுச்சத்தின் பங்கைச் சற்றுக் கூட்டியிருக்கிறோம். பையில் ஈரக்கழிவை நிரப்பித் தொங்கவிட்டுப் பார்த்தோம்; ஓர் இரவு முழுவதும் தாங்கியது. அந்தப் பைகள் இப்போது 58 டிகிரிக் கலத்துக்குள் எட்டாவது வாரத்தில் இருக்கின்றன. மூடியைத் திறக்கும்போது மழைக்குப் பிந்தைய மண்ணின் மணம் வருகிறது. சலிக்க இன்னும் நான்கு வாரங்கள் இருக்கின்றன.

வணக்கம்.