ஒரு ஆணி கூட அடிக்காம பரணை மூடியாச்சு மக்களே!

வணக்கம் மக்களே! இன்னிக்கு கேமரா நேரா எங்க வாடகை வீட்டு கிச்சனுக்குள்ளதான். மேல பாருங்க. என்ன தெரியுது? ஒண்ணும் தெரியலல்ல? அதான் எனக்கு வேணும்! வீடு சுத்திக் காட்டுன வீடியோல, அந்தப் பரண்ல பொங்கப் பானை, இட்லிக் குண்டான், மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் வரிசையா உக்காந்திருந்துச்சே. இப்பவும் எல்லாம் அங்கயேதான் இருக்கு. திரை போட்டாச்சு. சுவத்துல ஒரு ஓட்டை கிடையாது.

இதை இப்ப அவசரமா செஞ்சதுக்குக் காரணம் இருக்கு. கீழ் ஃபிளாட்ல இருந்த அக்கா போன வாரம் காலி பண்ணிட்டுப் போனாங்க. அவங்க ஓனர் பெயிண்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகையை அட்வான்ஸ்ல பிடிச்சுட்டார். சரி, சென்னைல நிறைய பேர் அப்படித்தான் பிடிக்கறாங்க. அதுக்கு மேல ஆணி ஓட்டைக்குன்னு தனியா ஒரு தொகை! எப்படியும் பட்டி பார்த்துத்தானே பெயிண்ட் அடிக்கப் போறாங்க, அந்த ஓட்டை அதுலயே அடைஞ்சிடாதா? எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல. எங்க ஓனர் வேற, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல. ஆனா நான் யாருக்கும் அந்த வாய்ப்பே குடுக்கறதா இல்ல.

இருங்க, ஒரு விஷயம் சொல்லிடறேன். 2017ல தமிழ்நாட்டுல வாடகைச் சட்டம் ஒண்ணு வந்துச்சு, 2019லருந்து நடைமுறைல இருக்கு. வேற மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கலன்னா, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. அதனால அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வரிவரியா படிங்க. சாவி வாங்கின அன்னிக்கே காலி வீட்ட சுவர் சுவரா வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. பழைய ஓட்டை எது, நம்ம ஓட்டை எதுன்னு அப்புறம் பேச்சே வராது.

சரி, பரணுக்கு வருவோம். இது ஸ்பிரிங் ராடு. ரெண்டு பக்கச் சுவத்துக்கும் நடுவுல வச்சு முறுக்கினா, உள்ள இருக்கற ஸ்பிரிங் தள்ளி அப்படியே இறுக்கிப் பிடிச்சுக்கும். முனைல ரப்பர் இருக்கறதால சுவத்துல கீறல் விழாது. மாட்டினேன், பார்த்தேன், ரசிச்சேன். சாயங்காலம் மெதுவா வழுக்கி இறங்குது! திருப்பி மாட்டறேன், திருப்பி இறங்குது. அப்புறம் சுவத்துல உள்ளங்கையை வச்சுத் தேய்ச்சுப் பார்த்தேன். இதோ பாருங்க, கை பூரா வெள்ளை மாவு. டிஸ்டம்பர், தேய்ச்சா மாவா உதிர்ற சுவர் பெயிண்ட்! அந்த மாவு மேல ரப்பர் எப்படி நிக்கும்? ஈரத் துணியால அந்த ரெண்டு இடத்த மட்டும் துடைச்சுக் காய விட்டேன். டிராயர்ல விரிப்போமே, ஓட்டை ஓட்டையா வழுக்காத மேட்டு, அதுல சின்னத் துண்டு வெட்டி ரப்பருக்கும் சுவத்துக்கும் நடுவுல வச்சு முறுக்கினேன். அவ்ளோதாங்க. உடும்புப் பிடி! இப்ப இழுத்துக் காட்றேன் பாருங்க… அசையுதா? அசையல!

ஆங், அளவு சொல்லாம விட்டுட்டேன். எங்க கிச்சன் அகலம் ஆறரை அடி. பத்தடி ரூமுக்கு இந்த மாதிரி ஒத்த ராடு போட்டா நடுவுல தொய்யும், வாங்காதீங்க. துணியும் லேசா இருக்கணும்.

துணி! அதைச் சொல்லியே ஆகணும். எழும்பூர் பாந்தியன் ரோடு காட்டன் ஸ்ட்ரீட். அங்க துணிய கிலோ கணக்குலயும் எடுக்கலாம்னு முன்னாடியே சொல்லிருக்கேன். இந்த மஞ்சள் கட்டம் போட்டது கிலோ 450ன்னார் கடைக்காரர். 350க்கு கேட்டேன். அவர் தலையே நிமிரல. நான் நகர்றேன், 420ங்கறார். இன்னும் நாலு அடி வச்சேன், 400. கடைசியா 380க்கு முடிச்சு, தராசுல ஏத்தினா முக்கால் கிலோ கூட வரல! மொத்தப் பரணுக்கும் துணி முந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடுச்சு. ரெடிமேட் திரை ஒரு ஜோடியே என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்னிக்கு பூரா சந்தோஷம் தாங்கல.

இந்த டிஸ்டம்பர் சுவத்துல ஒட்டற கொக்கி எதுவும் நிக்காது, எவ்ளோ விலை குடுத்தாலும் சரி. மாவோட சேர்ந்து உரிஞ்சு வரும். அதனால சுவத்த விட்டுட்டேன். டைல்ஸ், கண்ணாடி, பீரோ பக்கவாட்டு, பெயிண்ட் அடிச்ச மரக்கதவு, இதுலதான் எல்லாமே. ஜன்னல் கம்பில கேபிள் டை போட்டு மணி பிளான்ட் தொட்டி கட்டிருக்கேன். கமாண்ட் ஸ்ட்ரிப், அதான் இழுத்தா உரிஞ்சு வர்ற ஒட்டுப் பட்டை, அதை ஒட்டினா உடனே எதையும் மாட்டாதீங்க, ஒரு மணி நேரம் விடுங்க. எடுக்கறப்ப நம்ம பக்கமா பிடிச்சு இழுக்கக் கூடாது. ஒட்டின இடத்தோட ஒட்டி நேரா கீழ, மெதுவா… ரப்பர் மாதிரி நீண்டு நீண்டு தானா விட்டுடும். சாதா டபுள் டேப்னா ஹேர் டிரையர் சூடு காட்டி எடுங்க. டைல்ஸ்ல பிசின் மிஞ்சினா தேங்காய் எண்ணெய் தடவி பத்து நிமிஷம் ஊற விட்டுத் தேய்ங்க.

அந்த செங்கல் டிசைன் ஃபோம் ஷீட்டு இருக்கே, அதை ஒட்டட்டுமான்னு தினம் யாராவது கேக்கறீங்க. வேண்டவே வேண்டாம்! எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. பார்க்கவும் பொய்யா இருக்கும், உரிக்கறப்ப பெயிண்ட்டையும் பட்டியையும் சேர்த்துப் பேத்துக்கிட்டு வரும். அந்தக் காசுக்கு மஞ்சள் வெளிச்ச எல்இடி பல்பு ரெண்டு வாங்கி மாட்டுங்க, ஹாலே வேற ஹால் ஆயிடும். ஓனர் போட்ட பல்ப பத்திரமா பெட்டில எடுத்து வச்சுக்கோங்க, போறப்ப திருப்பி மாட்டணும்.

அடுத்த வீடியோல பாத்ரூம் கதவு. உங்க வீட்டுச் சுவத்தையும் கையால தேய்ச்சுப் பார்த்துட்டு, மாவு வருதா இல்லையான்னு கமெண்ட்ல போடுங்க. அதுக்குத் தகுந்த மாதிரி என்ன ஒட்டலாம்னு ஒவ்வொருத்தருக்கும் பதில் போடறேன். பை மக்களே!